ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம்

டார்னெய்ட், மெல்பேர்ன்
09.02.2025

அன்புள்ள தம்பி பாலனுக்கு,

நானும் அத்தானும் சுகம். அத்தானின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை மூன்றாவது ஆளாகக் கணக்கெடுத்துக்கொள். உன் சுகத்தை நீ ஒருநாளும் ஒழுங்காக எழுதுவதில்லை. இந்த முறையாவது பிரஷர், சீனி இரண்டையும் எழுது.

நாங்கள் பிரான்சுக்கு வருகிறோம். செப்டம்பர் 9, செவ்வாய் பின்னேரம் வந்து சேருவோம். 15, திங்கள் காலை வெளிக்கிடுவோம். நடுவில் முழுதாக ஐந்து நாள். மகள் தர்ஷனா சிட்னியிலிருந்து லீவு போட்டுக்கொண்டு எங்களோடு சேருகிறாள். ஹோம்புஷில் அவளுடைய பிளாட்டில் இருந்துகொண்டே டிக்கட் எல்லாம் எடுத்துவிட்டாள்.

உன்னைக் கண்டு பதினாறு வருஷம். சென்னையில் அம்மாவோடு இருந்த அந்தப் பத்து நாள்தான் கடைசி. முதியோர் இல்ல வேலையை விட்ட நாள் தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிய ஐந்தரைக்கு எழும்பி யூனிபோமைத் தேடுகிறேன். "இரன் யோகா, ஒரு இடத்தில இரன்" என்று அத்தான் கத்துகிறார். இருக்க முடிந்தால் இருக்கமாட்டேனா?

போன கிழமை த பேசின் பிள்ளையார் கோயிலில் பவளம் அக்கா மறித்துப் பிடித்து, "தம்பியின்ர வீட்டில எத்தனை அறை?" என்று கேட்டா. "அஞ்சு" என்றேன். "தனியாளுக்கு அஞ்சறையோ?" என்று வாயைப் பிளந்தா. நீ அனுப்பிய படம், அந்த நீலக் கதவும் கிணறும், பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஹோலில் தொங்குகிறது. அந்தக் கதவால் உள்ளே வரவேண்டும், உன் குசினியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன். ஆனாலும் அவ்வளவு தூரம் வந்துவிட்டு நாலு இடம் பாராமல் திரும்பக்கூடாது. ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களாகப் பார்த்து எழுது. போனில் உன்னைப் பிடிக்க முடியாது. கல் சுவர், சிக்னல் இல்லை என்பாய். கடிதமே போடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
யோகா


சார்லாவுக்கு அருகில், பிரான்ஸ்
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பிரஷர் 140, சீனி இல்லை. இங்கே இன்னும் குளிர் விடவில்லை, மற்றபடி குறையொன்றுமில்லை.

நீங்கள் வருவதை வாசித்துவிட்டு எழும்பி இரண்டு தரம் தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். ஐந்து நாளுக்கும் திட்டம் போட்டுவிட்டேன். புதன்கிழமை சார்லா சந்தை. வாத்து, அக்ரோட்டு, பாலாடைக்கட்டி எல்லாம் தெருவெல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். வியாழன் லாஸ்கோ குகை. பதினேழாயிரம் வருஷத்துக்கு முந்திய மாடுகளும் குதிரைகளும் சுவரில் வரைந்திருக்கிறது. வெள்ளி ரொக்கமடூர், மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாதா கோயில். சனி பதிராக். பூமிக்குள் நூறு மீற்றர் இறங்கிப் படகில் போகலாம். ஞாயிறு லூர்து. அது நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், விடிய ஐந்துக்கு வெளிக்கிட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு நான் காரோடு வந்து நிற்பேன். தங்குவதற்குச் சார்லாவிலேயே நல்ல விடுதி ஒன்று பார்த்திருக்கிறேன். அங்கிருந்து எல்லா இடமும் கிட்ட. அத்தானுக்கும் படியேறும் கரைச்சல் இல்லை.

தர்ஷனாவைக் குளிர் உடுப்பு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
சிவபாலன்


டார்னெய்ட்
16.03.2025

அன்புள்ள பாலன்,

இங்கே எல்லாரும் சுகம், நான்தான் கோபமாக இருக்கிறேன்.

ஐந்தறை வீட்டை வைத்துக்கொண்டு அக்காவுக்கு விடுதி பார்க்கிறாயா? கோயிலில் இதை நான் எந்த வாயால் சொல்லுவது? பாயைத் தந்தாலும் படுப்பேன்.

உன் பட்டியலையும் வாசித்தேன். அந்த லாஸ்கோ குகையைப் பற்றி அத்தான் கொம்பியூட்டரில் தேடினார். உண்மையான குகையைப் பூட்டிவிட்டார்களாம். பக்கத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டி, அதே மாட்டை வரைந்து, அதைத்தான் சனத்துக்குக் காட்டுகிறார்களாம். "போலியைப் பாக்க இவ்வளவு தூரம் போகோணுமோ?" என்று கேட்டேன். "உண்மை பழுதாகக்கூடாதெண்டுதான் போலி" என்றார் அத்தான். அது கிடக்கட்டும். ரொக்கமடூரில் இருநூற்றுப் பதினாறு படி என்று போட்டிருக்கிறது. உன் அத்தான் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற மூன்று படிக்கே முருகனைக் கூப்பிடுகிறார்.

நாளுக்கொரு பட்டியல் எழுதிக் கிழிக்கிறேன். பிரிட்ஜ் கதவில் இடமில்லை. நீ ஏன் எங்களை ஒரு நாளாவது வீட்டில் வைத்திருக்க யோசிக்கவில்லை? அதை எழுது.

அக்கா யோகா


சார்லாவுக்கு அருகில்
11.04.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கோபத்தோடு கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்குச் சுகம். முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது, தைலம் போடுகிறேன்.

ரொக்கமடூரில் லிப்ட் இருக்கிறது. அத்தான் கால் நோகாமல் மாதாவிடம் போய்விடுவார். குகை வேண்டாமென்றால் விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக லிமோஜுக்கு அங்கால் ஒரு கிராமம் இருக்கிறது. உலகப் போரில் ஜெர்மன் ஆமி வந்து சனத்தைக் கொன்று எரித்தபடியே இன்றைக்கும் விட்டிருக்கிறார்கள். தையல் மிஷின்கூடத் துருப்பிடித்து அப்படியே கிடக்கிறது. அத்தானுக்குச் சரித்திரம் பிடிக்குமே என்று நினைத்தேன்.

வீட்டு விஷயம், இந்த வருஷம் கூரை மாற்றுகிறோம். ஓடெல்லாம் கழற்றிக் கிடக்கும். ஐந்தறையிலும் தூசி. இல்லாவிட்டால் உங்களை விடுதியில் விடுவேனா அக்கா?

ஆற்றில் பழங்காலப் படகு ஓட்டுகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி


டார்னெய்ட்
27.04.2025

அன்புள்ள பாலன்,

முதுகுக்குத் தைலம் போதாது, வெந்நீர்ப் போத்தல் வை. அப்படி என்ன பாரம் தூக்குகிறாய்?

எரிந்த ஊர் பார்க்க நாங்கள் பிரான்சுக்கு வரத் தேவையில்லை. அத்தான் அந்த வரியை வாசித்துவிட்டு எழும்பிப் போய்ப் பின்வளவில் நின்றார். அதை வெட்டிவிடு.

கடைசியாக நான் தெரிவு செய்தது இதுதான். புதன் சந்தை, வியாழன் ஆற்றுப் படகு, வெள்ளி லிப்டில் ரொக்கமடூர், சனி பூமிக்குள். ஞாயிறு லூர்து இல்லை. மாதா கோவிக்கமாட்டா. ஞாயிறு உன் வீடு. கூரை இல்லாவிட்டாலும் குசினி இருக்குமே. புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்து, நாங்கள் நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவோம். தூசியென்றால் நான் கூட்டுவேன். முப்பது வருஷமாக வெள்ளைக்காரக் கிழவிகளின் அறைகளைக் கூட்டினவள் தம்பியின் வீட்டைக் கூட்டமாட்டேனா?

ஐந்தில் ஒரு நாள் கேட்கிறேன். எனக்கு அறுபத்தேழு, உனக்கு அறுபத்து மூன்று. இன்னொரு பதினாறு வருஷம் பொறுக்கச் சொல்லாதே.

உடனே பதில் போடு.

அக்கா


சார்லாவுக்கு அருகில்
08.06.2025

அன்புள்ள அக்கா,

பதில் பிந்திவிட்டது, மன்னிக்கவும். கோடை தொடங்கினால் வேலை கூட. எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

முதல் நாலு நாளும் நீங்கள் சொன்னபடியே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூரைக்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் ஒருவரும் நிற்க முடியாதாம். நாங்கள் லூர்துக்கே போவோம். மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன்.

கோவிக்க வேண்டாம்.

தம்பி சிவபாலன்


அனுப்புநர்: தர்ஷனா, ஹோம்புஷ்
மின்னஞ்சல், 28.06.2025

அம்மா,

எப்பிடி இருக்கிறீங்கள்? அப்பான்ர பிசியோ எப்பிடிப் போகுது? நான் ஓகே. இங்க மழை, டிரெயின் எல்லாம் லேட்.

உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். மாமான்ர ஊர்ப் பெயரைப் போட்டு, பக்கத்தில வாடகைக்கு வீடு ஏதும் இருக்கோ எண்டு தேடினனான். விடுதியில இருந்துகொண்டு நீங்கள் மூஞ்சையை நீட்டுவீங்கள் எண்டு தெரியும். ஒரு வீடு வந்தது. படத்தைத் திறந்து பாருங்கோ. நீலக் கதவு, கிணறு. எங்கட ஹோல்ல தொங்கிற அதே வீடு! மாமா வீட்டை ஹொலிடேக்கு வாடகைக்கு விடுறார்போல, எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லேல்ல. செப்டம்பருக்கு ஃப்ரீயா இருந்தது, வியாழக்கிழமையே மூண்டு பேருக்கும் புக் பண்ணிட்டன். ரூஃப் வேலை எண்டு ஒண்டுமே அதில போடேல்ல. மாமா கதவைத் திறக்க நாங்கள் நிப்பம். அவற்ற முகத்தை நான் வீடியோ எடுக்கப்போறன்.

லிங்க் கீழ இருக்கு. லவ் யூ.

தர்ஷனா


டார்னெய்ட்
மின்னஞ்சல், 29.06.2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவுக்குப் பரவாயில்லை. பிசியோக்காரப் பெடியன் நல்லவன்.

நீ அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். மொழிபெயர்க்கும் பொத்தானை அமத்தி, கீழே எழுதியிருந்த எல்லாவற்றையும் இருந்து வாசித்தேன். நீ படத்தோடு நின்றுவிட்டாய் போலிருக்கிறது. அது பாரிசில் இருக்கும் ஒரு டொக்டர் குடும்பத்தின் வீடு. வந்து தங்கிப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். "பாலா காலையில் பேக்கரியிலிருந்து சூடாகப் பாண் கொண்டுவந்து வைப்பார்." "பராமரிப்பாளர் பாலா தோட்டத்தைக் கண்ணாக வைத்திருக்கிறார்." ஒரு ஆள் எழுதியிருக்கிறது, "கொட்டும் மழையில் எங்கள் ஏழு பெட்டிகளையும் பாலா தனியாகவே மேல்மாடிக்குத் தூக்கினார், சிரித்த முகத்தோடு." நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறது. ஐந்து போட மனம் வரவில்லை.

அவனுக்கு முதுகுப் பிடிப்பு. என்ன பாரம் தூக்குகிறாய் என்று நான் கேலியாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கூரைக்காரர் வருவார்களென்று அவன் எழுத, பாரிசில் இருந்துவந்த வரதராஜா அங்கிளிடம் அப்பா சொல்ல, அவர் "அந்த நாட்டில ஞாயிறு ஒரு ஆணி அடிக்க ஆள் பிடிக்கேலாது" என்று சிரித்தார். அப்போதும் எனக்கு ஓடவில்லை.

வீட்டை இன்றைக்கே கான்சல் பண்ணு. நாங்கள் பெட்டியோடு போய் நிற்க, அவன் வேலைக்காரனாக வந்து கதவு திறப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீடியோவாம். மாமாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். அவர் ஹோலில் இருந்த படத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ நல்ல மனதோடு செய்தாய். உன்னில் எனக்குக் கோபமில்லை.

அம்மா


டார்னெய்ட்
06.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உன் முதுகு எப்படி?

நீ சொன்னதுதான் சரி. விடுதியே வசதி. அத்தானின் முழங்காலுக்கு லிப்ட் உள்ள இடம்தான் நல்லது என்று பிசியோக்காரரும் சொல்லிவிட்டார். ஞாயிறு லூர்துக்கே போவோம். யோசித்துப் பார்த்தால் மாதாவிடம் கேட்கவும் சில விஷயம் இருக்கிறது. ஐந்து நாளும் ஊர் சுற்றுவதற்கே காணாது, வீடு எங்கே ஓடப்போகிறது? அடுத்த முறை வரும்போது ஆறுதலாகப் பார்ப்போம். கூரையைப் பற்றி நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

நேரமிருந்தால் அந்த லாஸ்கோ குகையையும் சேர்த்துக்கொள். போலியென்று நான் பேசியது பிழை. உண்மை பழுதாகக்கூடாதென்றால் மனிசர் அப்படி ஒன்றைக் கட்டத்தானே வேண்டும்.

ஒன்றே ஒன்று. நாங்கள் வரும்போது பெட்டி ஒன்றையும் நீ தொடக்கூடாது. எல்லாம் சில்லு வைத்த பெட்டி. மகளும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தம்பி.

அக்கா


சார்லாவுக்கு அருகில்
27.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இதை நாலாவது தரம் எழுதுகிறேன். முதல் மூன்றும் கிழிபட்டுவிட்டன.

எனக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பட்டியல் வரும். யார் வருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை கட்டில் விரிக்க வேண்டும் என்று. ஜூன் 27 வந்த பட்டியலில், செப்டம்பரில், ஒரு பெயர் இருந்தது. தர்ஷனா சிறிதரன், அவுஸ்திரேலியா, மூன்று பேர். அத்தானின் பெயரை என் மருமகளின் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்தில் கண்டேன். உண்மையைச் சொல்கிறேன், பாரிசுக்குப் போய் ஒளிந்துவிடலாமென்று ரயில் நேரம் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருப்பதாக எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த வெள்ளி பட்டியல் வந்தது. அந்தப் பெயருக்கு மேலே கோடு. அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது, சில்லு வைத்த பெட்டியோடு.

பெயரைக் கண்டபோது பயம்தான் வந்தது. கோட்டைக் கண்டபோதுதான் வெட்கம் வந்தது. ஐந்தில் ஒரு நாள் கேட்ட என் அக்கா, எனக்காக அதையும் வேண்டாமென்று எழுதுகிறா. நான் அவ்வளவுக்கு உங்களைக் கொண்டுவந்துவிட்டேன்.

2013 இல் நான் வேலை செய்த பாரிஸ் ரெஸ்ரோரண்டைப் பூட்டிவிட்டார்கள். இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். அம்மா போனில் அழுதா. "உனக்கெண்டு ஒரு வீடில்லை, நான் எப்பிடியடா கண்ணை மூடுறது?" என்றா. "வாங்கிப்போட்டன் அம்மா" என்று வாயில் வந்துவிட்டது. ஆதாரத்துக்குப் படமும் அனுப்பினேன். அடுத்த வருஷம் அம்மா போய்விட்டா. அதற்குள் படம் உங்களிடம் வந்து, பிரேமுக்குள் போய், கோயில் வரைக்கும் போய்விட்டது. அதை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

கூரைக்கு ஒன்றுமில்லை. நல்ல கூரை.

உங்கள் ஹோலில் இருக்கும் படத்தை ஒருமுறை பாருங்கள். கிணற்றுக்கு வலப்பக்கம் படம் வெட்டுப்படும் இடத்தில் ஒரு கல் மூலை தெரியும். அது பழைய குதிரை லாயம். அதற்கு மேலேதான் என் அறை. ஒரு அறை, ஒரு அடுப்பு, இரண்டு கதிரை. பின் யன்னலால் ஆறு தெரியும். பன்னிரண்டு படி, லிப்ட் இல்லை. நீங்கள் வரும் கிழமை முழுக்கப் பெரிய வீட்டில் பெல்ஜியத்திலிருந்து ஒரு குடும்பம் இருக்கும். ஞாயிறு காலை அவர்களுக்குப் பாண் வாங்கி வைத்துவிட்டால் பகல் முழுக்க எனக்கு ஓய்வு.

நீலக் கதவு எனக்குச் சொந்தமில்லை. ஆனால் அதற்கு நீலம் பூசியது நான்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நானேதான் பூசுகிறேன். அது ஒன்று மட்டும் பொய்யில்லை.

லூர்து வேண்டாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று நீங்களே தெரிவு செய்யுங்கள்.

உங்கள் தம்பி,
பாலன்


டார்னெய்ட்
10.08.2025

அன்புள்ள பாலன்,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தை நான் இரண்டு தரமும் அத்தான் ஒரு தரமும் வாசித்தோம். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவிடம் நீ சொன்னது சரி. என்னிடம் சொல்லாமல் விட்டதுதான் பிழை, அதற்கு நேரில் வந்து ஏசுவேன். பன்னிரண்டு வருஷம் தனியாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தாயே, மடையா.

அத்தான் பன்னிரண்டு படிக்கும் இப்போதே பயிற்சி எடுக்கிறார். எங்கள் வாசல் மூன்று படியை நாலு தரம் ஏறி இறங்குகிறார். கதிரை இரண்டுதான் என்று நீ கவலைப்படாதே. ஒன்று அத்தானுக்கு, ஒன்று உனக்கு. நானும் மகளும் உன் கட்டிலில் இருப்போம். புட்டுக்குழலையும் அரிசி மாவையும் பெட்டியில் வைத்துவிட்டேன். மீனை நீ வாங்கு. படம் ஹோலில்தான் இருக்கிறது, கழற்றவில்லை. வலப்பக்கக் கல் மூலையைத் தர்ஷனா வந்து பார்க்கட்டும் என்று பிரேமில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

நேற்று த பேசினுக்குப் போய், நல்லபடி போய்வர வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பவளம் அக்கா விடுவாவா? சனத்துக்கு நடுவில், "பிரான்சில எங்க எங்க சுத்திப் பாக்கப் போறியள்?" என்று பிடித்துக்கொண்டா. சந்தை, படகு, மாதா கோயில், பூமிக்குள் என்று நாலையும் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை?" என்றா.

"தம்பி வீட்ட."

"ஓம் ஓம், அந்த அஞ்சறை வீடு" என்றா, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து.

"இல்லை அக்கா, ஒரு அறை" என்றேன். "ஆறு தெரியுமாம். அங்கதான் எங்களுக்குச் சாப்பாடு."

அன்புடன் உன் அக்கா,
யோகா